சீனவெடி என்று நினைத்தோம்

மகன்,

சம்பந்தி வீட்டுக் கசெட்டைப் பிடுங்கி, நாடாவை உருவி, அவர்களுடைய புதுக் கம்பளத்தில் வீசியவள் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்தால் இதை இப்போதே மடித்து வைத்துவிடு. அவர்களிடம் கேட்க வேண்டியதை மறுநாளே தொலைபேசியில் கேட்டுவிட்டேன். உன் மாமனாராகப் போகிறவர் நல்ல மனிதர். "அதனால என்னங்க, வேற கேசட் வாங்கிக்கலாம்" என்றார். எனக்குத் திரும்பவும் பற்றிக்கொண்டு வந்தது. வேறு கசெட்டிலும் இருக்கப்போவது அதே கெட்டிமேளம்தானே? அன்றைக்கு அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஓக்லாந்தில் மேளகாரர் இல்லாத குறை தெரியக்கூடாது என்று மண்டபத்துக்கு ஆளுயர ஸ்பீக்கர் பேசி வைத்திருப்பதாகச் சொல்லி, வீட்டு ஸ்டீரியோவில் போட்டுக் காட்டினார். "தாலி கட்டுற நேரத்துல தும்மல், அழுகை, கெட்ட வார்த்தை எதுவும் காதுல விழக்கூடாதுங்க. அதுக்குத்தான் கெட்டிமேளம். வெளியில கொலையே விழுந்தாலும் உள்ள கேக்காது" என்று சிரித்தார். திருச்சியில் பிறந்தவர், சிரிக்கலாம். என் கை அதற்குமேல் என் சொல்லைக் கேட்கவில்லை.

மவுண்ட் ரொஸ்கிலில் சம்பந்தி வீட்டிலிருந்து நீதான் காரை ஓட்டி வந்தாய். த்ரீ கிங்ஸில் நம் வாசலில் என்னை இறக்கிவிட்டபோது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, எனக்குக் கெட்டிமேளம் வேணும். நல்ல சத்தமா வேணும். உங்களுக்கு ஏலாட்டி அந்த நேரம் மண்டபத்துக்கு வெளியில போய் நில்லுங்கோ" என்றாய். விடிந்ததும் வேலைக்கென்று வெலிங்டனுக்குத் திரும்பிவிட்டாய். வெளியில் போய் நில்லுங்கோ என்று என்னிடம் சொல்ல உனக்கு எப்படியடா வாய் வந்தது? உன் அப்பாவும் வெளியில்தான் நின்றார். நான் கல்யாணத்துக்கு வருவேனா மாட்டேனா என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் முழுவதையும் எழுதவேண்டும், ஏனென்றால் நீயும் நானும் இதை ஒருநாளும் கதைத்ததில்லை.

உன் சித்தியின் கல்யாணம் நம் வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. சண்டைக் காலம்தான், ஆனாலும் யாழ்ப்பாணத்தில் கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. மாப்பிள்ளை பகுதியின் கடைசிக் கார் நம் ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தைத் தவறவிட்டுவிடும் என்று உன் அப்பா வாசல் படலையைத் திறந்து வெளியே போய் நின்றார். கார் என்றால் உனக்குப் பைத்தியம். அவர் வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நீயும் பின்னால் ஓடினாய். எங்கோ தூரத்தில் ஹெலிகொப்டர் இரைந்தது, அது எந்நாளும் இரைவதுதான். ஐயர் கையைத் தூக்கினார். பெரிய மாமா எழுந்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்தினார். இரண்டு தவிலும் ஒரு நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேறு சில வெடிச்சத்தங்களும் கேட்டன. பக்கத்தில் நின்ற மாமி என் தோளைத் தட்டி, "படலையடியில சீனவெடி கொளுத்துறாங்கள் போல" என்று காதுக்குள் கத்தினாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அரிசி தூவினேன்.

மேளம் ஓய்ந்த பிறகுதான் படலைப் பக்கமிருந்து ஆட்கள் "ஹெலி சுட்டுப்போட்டான்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் போனபோது கட்டியிருந்த வாழை இரண்டும் நடுவில் அறுந்து, குலை நிலத்தில் சிதறிக் கிடந்தது. உன் அப்பா படலைத் தூணில் சாய்ந்தபடி கிடந்தார். வயிற்றுக்குக் கீழே வேட்டி என்று ஒன்றே இல்லை. வாய் திறந்திருந்தது. கையால் நிலத்தைப் பிறாண்டியிருந்தார், ஆகவே உடனே சாகவில்லை, கூப்பிட நேரம் இருந்திருக்கிறது. இருபது அடிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு நிறைய சனம். ஒருவருக்கும் கேட்கவில்லை. உன்னைப் படலையடி வாய்க்கால் மதகுக்குள்ளிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த மாமாவின் கையை ரத்தம் வரக் கடித்தாய். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சீனவெடி" என்றாய். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் நீ பேசியது மிகக் கொஞ்சம். அதுவரை சீனா என்றால் எனக்குச் சீனி, சீனச்சட்டி, சீனவெடி. அன்றோடு அந்த நாட்டின் பெயரைக் கேட்டாலே எழுந்து போகத் தொடங்கினேன். அந்த நாட்டுக்கும் நம் படலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

இங்கே வந்து த்ரீ கிங்ஸில் நமக்கு வாய்த்த வாடகை வீட்டின் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? லியூ என்ற சீனரும் அவர் மனைவி மெய்யும். லியூ உணவகத்தில் வாத்து வெட்டுகிறவர், மீதி நேரத்தில் எல்லோரோடும் சண்டை பிடிக்கிறவர். நம் கருவாட்டு மணம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவர்களுடைய பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அவர் சீன நாடகப் பாட்டு கசெட்டைப் போட்டால் நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் சுவரில் இடிப்பேன். பூனையின் வாலை மிதித்துவிட்டு அதற்குத் தாம்பாளத்தில் தாளம் போடுகிறார்கள் என்று சொல்வேன். நீ மட்டும் வோக்மனை ஒரு காதிலிருந்து கழற்றிவிட்டு, "அம்மா, இது எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரி வளையுது, கேளுங்கோ" என்பாய். உன் காது இந்த ஊர்க் காது, எது வந்தாலும் அதற்குக் கிட்டார்தான்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. வேலிக்கு அந்தப் பக்கம், பின்வளவிலிருந்து, நாதஸ்வரம் கேட்டது. சத்தியமாக நாதஸ்வரம்தான் என்று நினைத்தேன். அதே சீவாளிச் சத்தம், அதே அடித்தொண்டைக் கார்வை, அதுவும் மோகனம்போல ஐந்து சுரத்தில். கூடவே ஒரு முரசு. ஊரைவிட்டு வந்த பிறகு அந்தச் சத்தத்தை நேரில் கேட்டதேயில்லை. கல்யாணம் என்று முடிவு கட்டிவிட்டேன். நம் ஆட்களுக்கு நாதஸ்வரம் கேட்டால் வேறென்ன தோன்றும்? செத்த வீட்டுக்குப் பறை, கல்யாணத்துக்கு நாதஸ்வரம், இரண்டையும் அடிக்கிற ஆட்களும் வேறு, நிற்கிற இடமும் வேறு. உன் அப்பா போன பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் என்னை முன்னுக்கு வரச் சொன்னதில்லை. சீனருக்கு நான் விதவை என்று எப்படித் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பொட்டு வைத்தேன். சேலை மாற்றினேன். தாம்பாளத்தில் வாழைப்பழம், முந்தின நாள் பிடித்த லட்டு, குங்குமச்சிமிழ் எல்லாம் வைத்துக்கொண்டு, பக்கப் படலையைத் திறந்து, வாயெல்லாம் பல்லாக "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

வளவு நிறைய வெள்ளை உடுப்பு. தலையிலும் வெள்ளைத் துணி. என் மூளை அதைக் கண்டு பின்வாங்குவதற்குள் என் வாய் இரண்டாம் முறையும் வாழ்த்திவிட்டது. மெய் திரும்பினாள். தாம்பாளத்தைக் கீழிருந்து மேலாக ஓங்கி அடித்தாள். அதன் விளிம்பு என் புருவத்தைப் பிளந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. குங்குமம் அவள் வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டியது. அவள் தன் மார்பைக் குனிந்து பார்த்துவிட்டு வீரிட்டாள், பிறகு என் கன்னத்தில் அறைந்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை, அடி விழுந்தது மட்டும் விளங்கியது. அவள் தலைமயிரைப் பிடித்து நிலத்துக்கு இழுத்தேன். இரண்டு பேரும் லட்டுகளின்மேல் உருண்டோம். அவள் என் தோளைக் கடித்தாள், நான் அவள் முகத்தை நகத்தால் கிழித்தேன். நீ வேலிக்கு மேலால் பாய்ந்து வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாய். "விடுங்கோ அம்மா! செத்த வீடு அம்மா, செத்த வீடு!"

லியூவின் தம்பி ஒரு டெய்ரி, இங்கத்தைய தெருமுனைச் சில்லறைக் கடை, வைத்திருந்தார். கல்லாப் பணத்தைப் பறிக்க வந்தவர்கள் அவரைக் கத்தியால் குத்திவிட்டுப் போய்விட்டார்கள். நான் அந்தக் கிழமை முழுவதும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை, பகலில் தூக்கம், பக்கத்து வீட்டில் பிணம் விழுந்தது தெரியாமல் இருந்திருக்கிறேன். இது எல்லாவற்றையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் நான் நிமிர்ந்து பார்த்தது லியூவைத்தான். நாதஸ்வரம் என்று நான் நினைத்த குழலை ஊதியவர் அவர்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தபோதும் அவர் ஊதுவதை நிறுத்தவில்லை. கன்னம் இரண்டும் ஊதி, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு எடுக்கிற இடமே தெரியாமல் ஊதினார். கண்ணீர் கன்னத்தால் ஓடி, பித்தளை வாயுள்ள அந்தக் குழலின்மேல் சொட்டியது. யாரோ முறைப்பாடு கொடுத்து, சத்தத்தைக் கட்டுப்படுத்த வந்த வெள்ளைக்கார அலுவலர் ஒருவர் படலையடியில் வந்து, "ரேடியோவைக் கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று தொடங்கினார். என் நெற்றி ரத்தத்தையும் லட்டுத் துகளையும் வெள்ளைத் துணிகளையும் பார்த்தார். வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்.

பிறகு லியூ சீவாளியை வாய்க்குள் ஏதோ மாற்றி வைத்தார். குழல் பேசத் தொடங்கியது. பாடவில்லை, பேசியது. ஒரு ஆம்பிளையின் குரலில், அடிவயிற்றிலிருந்து, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் இன்னும் உரக்கக் கூப்பிட்டது. அவர்களுடைய கலைஞர்கள் அதைப் பழகித்தான் செய்கிறார்கள் என்று மெய் பிறகொருநாள் சொன்னாள். எனக்கு அது எதற்கு? நான் கேட்டது உன் அப்பாவை. படலைத் தூணில் சாய்ந்துகொண்டு, நிலத்தைப் பிறாண்டிக்கொண்டு, உள்ளே இருக்கிற எங்களை அவர் கூப்பிட்ட சத்தம் இத்தனை வருடம் கழித்து, ஓக்லாந்தில் ஒரு சீனன் வீட்டுப் பின்வளவில் என் காதுக்கு வந்து சேர்ந்தது. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். ஊரில் நடந்த செத்த வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. கிழிந்த முகத்தோடு மெய் என் பக்கத்தில் குந்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் நான் சீனப் பாட்டுக் கேட்கப் பழகினேன். பழகினேன் என்றால் அது சும்மா வந்த சங்கதி இல்லை. உன் வோக்மனில் லியூ கொடுத்த ஒரு கசெட்டை முதலில் போட்டபோது, மடியில் நிறுத்தி வாசிக்கிற அவர்களுடைய பிப்பா என்ற நாலு நரம்பு வாத்தியத்தில் ஒரு போர் நடந்தது. குதிரைக் குளம்பும் அம்பும் வந்தன. பிறகு இரண்டு நரம்பை முறுக்கி அடித்த ஒரு சத்தம், வாளோடு வாள் உரசுவதேதான். நான் வோக்மனைச் சுவரில் வீசி உடைத்தேன். நீ டேப் ஒட்டித் தந்தாய். அடுத்தமுறை பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன். வெட்டும் குத்தும் முடிந்த பிறகு ஒரு நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து விட்டார்கள். நம் வித்துவான்கள் ஒரு சுரத்தை அசைத்து அசைத்து இன்னொரு சுரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இவர்கள் இழுத்துவிட்டு, அது எங்கேயும் போய்ச் சேராமல் அப்படியே விட்டுவிட்டார்கள். போர் முடிந்த இடத்தில் அப்படித்தான் இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை இன்னொரு நாட்டுக்காரன் நரம்பில் இழுத்து வைத்திருக்கிறான் என்பதில் எனக்கு ஒரு வெறிபிடித்த சந்தோஷம் வந்தது. சலவைக்கூடத்தில் ரத்தக்கறைத் துணிகளை இயந்திரத்துக்குள் திணிக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்டேன். வெண்கலத் தட்டை அவர்கள் அடித்தால், அடித்த பிறகு சுருதி இறங்கிக்கொண்டே போகும். நான் தாம்பாளம் என்று கேலி செய்தேனே, அதற்காகவே பிறகு காத்திருப்பேன்.

ஒருநாள் லியூ கல்யாணம் ஒன்றுக்கு ஊதப் போவதாகச் சொன்னார். அதே குழல். நான் பதறிப்போனேன். "செத்த வீட்டில ஊதினதைக் கழுவாமலா கொண்டு போறீர்?" என்று கேட்டேன். அவருடைய உடைந்த இங்கிலிஷை என் தமிழில் எழுதுகிறேன்: "வாய் ஒண்டுதான். சாப்பிடுறதும் அதாலதான், அழுறதும் அதாலதான். சாப்பிட வேற வாய் வாங்குவியா?" அவ்வளவு சத்தம் எதற்கு என்று கேட்டேன். நம் கெட்டிமேளம் கெட்ட சத்தத்தை மறைக்க என்றும் சொன்னேன். அவருக்கு விளங்கவேயில்லை. "மறைக்கவா? எங்கட ஊரில வயல் பெரிசு. இங்க ஒரு ஆள் செத்திட்டான், இங்க ஒரு கல்யாணம், ஓடி வாங்கோ எண்டு சொல்லத்தான் சத்தம்" என்றார். அன்றிலிருந்து கெட்டிமேளத்தின்மேல் எனக்கிருந்த வெறுப்பு இரண்டு மடங்காகியது. ஓடி வரவேண்டிய நேரத்தில் எங்களை அரிசியோடு நிறுத்தி வைத்திருந்ததே, அதுதான்.

ஆகவே கசெட்டை நான் பிய்த்த கதை உனக்கு இப்போது விளங்கியிருக்கும். ஆனால் உன் கதை எனக்கு விளங்கியது போன கிழமைதான். தாலி கட்டும் நேரம் மண்டபத்தில் வந்து ஊதுவீரா என்று லியூவிடம் கேட்டேன். ஸ்பீக்கரையும் உன்னையும் அந்தத் திருச்சிக்காரரையும் ஒரேயடியாக வெல்லலாம் என்ற திட்டம்தான், ஒளிக்கவில்லை.

"மகன் கேட்டவனா?" என்றார்.

"இல்லை, நான்தான் கேக்கிறன்."

"அப்ப மாட்டன். அண்டைக்கு என்ர வளவில குழல் பேசினபோது நீ அழுதாய். உன்ர மகன் என்ன செய்தவன், தெரியுமா? பார்க்கேல்லையா? வேலியடியில குந்தி, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, பல்லால முழங்காலைக் கடிச்சுக்கொண்டு இருந்தவன். நான் ஊதிக்கொண்டே அவனைத்தான் பார்த்தனான். தம்பியைக் குத்தேக்க கடைக்குப் பின்னால அவன்ர பெடியன் நிண்டவன். அவனும் இப்பிடித்தான் காதைப் பொத்துறான்."

அவர் வாத்துக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். நான் அவர் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்தேன். எனக்குக் கேட்காத சத்தத்தை இத்தனை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தேன். நீயோ மதகுக்குள் கிடந்து அதை முழுவதும் கேட்டவன். முதல் கூப்பாட்டிலிருந்து கடைசிவரை, ஒரு பக்கம் அவர், மற்றப் பக்கம் மேளம். உனக்கு ஏன் நல்ல சத்தமான கெட்டிமேளம் வேண்டும் என்று ஒரு தாய்க்கு இவ்வளவு காலம் விளங்கவில்லை. மணவறையில் இருக்கிறபோது அந்தக் குரல் உன் காதுக்குள் வந்துவிடும் என்று பயப்படுகிறாய். வெளியில் போய் நில்லுங்கோ என்று நீ சொன்னது கோபத்தில் இல்லை என்றுகூட இப்போது நினைக்கிறேன். படலையடியில் ஒரு காவல் இருக்கட்டும் என்று நினைத்தாயோ என்னவோ.

நான் வருவேன். மண்டபத்துக்கு உள்ளேதான் நிற்பேன், முன்வரிசையில், விதவை என்று எவர் முகம் சுளித்தாலும். ஸ்பீக்கர் கிழியக் கிழியக் கெட்டிமேளம் போடட்டும். புதுக் கசெட்டை நானே வாங்கிச் சம்பந்தி கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நான் போகும்வரை மேசையில் வைக்கவேயில்லை.

ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை நீ இங்கே வரவேண்டும். லியூ பின்வளவில் ஊதுவார், கேட்டுவிட்டேன். உனக்காக என்றதும் மறுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் நீ என் பக்கத்தில் வந்து இரு. அப்பா கடைசியாக என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று என் காதுக்குள் சொல். என் பெயரைச் சொன்னாரா? உன்னை ஓடச் சொன்னாரா? அது எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் எனக்கு வேண்டும். அவர் எனக்குத்தான் சொன்னார். வழியில் உன்னிடம் தங்கிவிட்டது. வேறு ஒருவருக்கும் கேட்காது. சொல்ல ஏலாவிட்டால் கத்து ராசா. லியூ நிறுத்தமாட்டார்.

அம்மா